வாளா, காசா? இங்கிலாந்துப் பிரபுக்களின் படைக்கடன்

நார்மன் வெற்றிக்குப் பிந்தைய இங்கிலாந்தில் மன்னரிடம் நிலம் பெற்ற பிரபு, அதற்கு ஈடாக இத்தனை குதிரைவீரர்களைப் போருக்குக் கொண்டுவர வேண்டும். வழக்கப்படி 40 நாள். குதிரை, கவசம், சாப்பாடு எல்லாம் அவர்கள் பாடு. இதற்கு மாற்று, கேடயப் பணம்: ஆள் அனுப்புவதற்குப் பதில் மன்னருக்குக் கட்டும் காசு. (எதைக் கேட்பது என்பது பெரும்பாலும் மன்னர் கையில்தான் இருந்தது.)

1159இல் தென் பிரான்சின் துலூஸ் மீதான படையெடுப்புக்கு மன்னர் இரண்டாம் ஹென்றி வீரன் ஒருவனுக்கு 2 மார்க் என்று வசூலித்தார். ஒரு மார்க் 160 பென்னி, ஆக 320. அன்று கூலிக்கு வரும் குதிரைவீரனின் நாட்கூலி 8 பென்னி. 40 நாளுக்குப் பெருக்கினால் அதே 320! வராதவனுக்குப் பதில் ஓர் ஆளை அப்படியே அமர்த்திவிடலாம். முற்றுகை பாதியில் நிற்கும்போது "என் 40 நாள் முடிந்தது" என்று கூலிப்படை கிளம்பாது. காசு உள்ளவரை நிற்கும்.

சிறு நிலக்காரருக்கும் காசுதான் தோது. மகன் இல்லாத வீட்டில் நிலம் மகள்களுக்குச் சமமாகப் பிரியும். அப்படிப் பிரிந்து பிரிந்து அரை வீரன், கால் வீரன் என்று கணக்கு வந்துவிட்டது. கால் வீரனைக் குதிரையில் ஏற்ற முடியாது. 80 பென்னியை எண்ணி வைக்கலாம். பெரிய பிரபுவுக்கோ நேரில் போவதே லாபம். போனவருக்குத் தன் கீழுள்ளவர்களிடம் கேடயப் பணத்தைத் தானே வசூலிக்க அரசாணை கிடைக்கும்.

ஹென்றியின் மகன் மன்னர் ஜான் காலத்தில் இந்தக் கணக்கு உடைந்தது. நாட்கூலி 24 பென்னிக்கு ஏறிவிட, 40 நாளுக்கு 6 மார்க் ஆயிற்று. கேடயப் பணமோ 2, 3 மார்க்கில் நின்றது. பற்றாக்குறையை ஈடுகட்ட ஜான் தன் ஆட்சியில் 11 முறை வசூலித்தார். வராமலிருக்கத் தனித் தண்டமும் கேட்டார். 1214இல் பிரான்சின் புவாத்து பகுதியில் நடந்த போருக்கு 3 மார்க் கேட்டபோது வட இங்கிலாந்துப் பிரபுக்கள் பலர் ஆளும் அனுப்பவில்லை, காசும் கட்டவில்லை. கடல்கடந்த போருக்குத் தங்களுக்குக் கடமையே இல்லை என்பது அவர்கள் வாதம். பேராசையைவிட விலைவாசிதான் ஜானை இந்த மூலைக்குத் தள்ளியது என்பேன். பிரபுக்கள் அதை ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்கள்.

1215இல் பிரபுக்கள் ஜானை வற்புறுத்திப் பெற்ற உரிமைச் சாசனமான மாக்னா கார்ட்டாவின் 12ஆம் பிரிவு, பொது ஆலோசனையின்றிக் கேடயப் பணம் கூடாது என்றது. 1216 மறுவெளியீட்டில் அந்தப் பிரிவையே எடுத்துவிட்டார்கள். 1217இல், இரண்டாம் ஹென்றி காலத்து வழக்கப்படி வாங்கலாம் என்று எழுதினார்கள். கூலி மட்டும் ஹென்றி காலத்துக்குத் திரும்பவில்லை.