களமா, தரவு மேசையா?

பல்கலைக்கழகத்தில் சுகாதாரம், சமூகநலம் சார்ந்த ஆய்வு வேலை தேடுகிறவர்கள் முதலில் தடுமாறுவது இங்கேதான்: வீடு வீடாகப் போய்ப் பேட்டி எடுப்பதா, வந்த தரவை உட்கார்ந்து அலசுவதா?

களப்பணியில் பாதி நேரம் காத்திருப்பிலேயே போகும். கதவு திறந்ததும் கேள்வித்தாளை நீட்டிவிட முடியாது. ஆய்வு எதற்கு, எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்றெல்லாம் விளக்கி ஒப்புதல் வாங்க வேண்டும். மனிதர்களை உட்படுத்தும் மருத்துவ ஆய்வுக்கான நெறிமுறையாக 1964-இல் உலக மருத்துவச் சங்கம் ஏற்ற ஹெல்சிங்கி பிரகடனம் வலியுறுத்துவதும் இந்த ஒப்புதலைத்தான். "மாத்திரை தவறாம சாப்பிடுறீங்களா?" என்றால் "ஆமா" என்பார்கள், அலமாரியில் மாத்திரை அட்டை பிரிக்காமல் கிடக்கும். அதைக் குறிக்கப் படிவத்தில் கட்டமே இருக்காது.

தரவு மேசையைச் சொகுசு என்பவர்கள் ஒரு வாரம் உட்கார்ந்து பார்க்கட்டும். வயது என்ற இடத்தில் 999 இருக்கும். 'பதில் இல்லை' என்பதற்கான குறியீடு அது. கவனிக்காமல் சராசரி எடுத்தால் ஊரே கிழடாகிவிடும். ஆனால் ஆர் (R), ஸ்டாட்டா (Stata) போன்ற புள்ளியியல் மென்பொருள்கள் கைவந்தால் அடுத்த வேலைக்கு அலைச்சல் குறைவு.

இரண்டுமே பெரும்பாலும் ஒப்பந்தப் பணிதான். திட்ட நிதி தீர்ந்தால் வேலையும் தீர்ந்தது. என்னைக் கேட்டால், முதல் வருடம் களம். சேரும்முன் ஆய்வுக்கட்டுரையில் உங்கள் பெயர் வருமா என்பதை மட்டும் கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள்.