நார்த்தங்காய் ஊறுகாய், 300 கிராம்: ருசி அருமை, திறப்பதுதான் பெரும்பாடு

ஊறுகாயைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நார்த்தங்காய்க்கே உரிய அந்தக் கசப்பை இவர்கள் கெடுக்கவில்லை, நல்லெண்ணெயும் வெந்தயமும் அளவாக இருக்கின்றன, தயிர் சாதத்துக்குக் கடையில் வாங்கியதில் எனக்குப் பிடித்தது இதுதான். இதுவரை மூன்று பாட்டில் வாங்கிவிட்டேன். மூன்றையும் திறக்கப் பட்ட பாட்டைத்தான் சொல்ல வேண்டும்.

மூடியைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் உறை. கிழிக்கப் புள்ளிக்கோடு இருக்கிறது, ஆனால் நகத்தால் இழுத்தால் கோட்டை விட்டு விலகி அரை அங்குலத்தில் அறுந்துவிடுகிறது. சரி என்று கத்தியால் கீறி எடுத்து மூடியைத் திருகினால் உள்ளே அலுமினியத் தாள், பிடித்து இழுக்க ஒரு காது கிடையாது. கத்தி முனையால் குத்தினால் துண்டு துண்டாகப் பிய்கிறது, விளிம்பில் பாதி அப்படியே நிற்கிறது. போன வாரம் எண்ணெய் படிந்த ஒரு துணுக்கு மகளின் தட்டில் ஊறுகாயோடு வந்து விழுந்தது. நல்லவேளை, அவள் வாயில் வைக்குமுன் பார்த்துவிட்டேன்.

தாளே வேண்டாம் என்று சொல்லவில்லை. எண்ணெய் கசியாமல் இருக்கவும், இடையில் யாராவது திறந்திருந்தால் தெரியவும் அது வேண்டும். தொழிற்சாலையில் மூடியைத் திருகி மூடிய பிறகு பாட்டிலை மின்காந்தச் சுருளுக்கு அடியில் அனுப்புவார்கள். இன்டக்‌ஷன் அடுப்பில் பாத்திரம் சூடாவதுபோல அலுமினியம் சூடாகி, அதன் அடியில் உள்ள படலம் உருகிப் பாட்டிலின் வாயில் ஒட்டிக்கொள்ளும். இதே தாளில் அரைவட்டக் காது வைத்தும் செய்கிறார்கள். எங்கள் வீட்டு மாத்திரை டப்பா ஒன்றில் இருக்கிறது, ஒரே இழுப்பில் முழுசாக வந்துவிடுகிறது.

இரண்டாவது பாட்டிலை ஊரில் தனியாக இருக்கும் அம்மாவுக்குக் கொடுத்தனுப்பியிருந்தேன். அவருக்கு விரல் மூட்டுகளில் வலி. பத்து நாள் கழித்துப் போனபோது அது உறைகூடப் பிரியாமல் அலமாரியில் இருந்தது. "பக்கத்து வீட்டுப் பையன் வந்தா திறந்து தரச் சொல்லலாம்னு வச்சிருந்தேன்டா" என்றார். ஊறுகாய் என்றால் அவருக்கு உயிர், எனக்கு மனசே கேட்கவில்லை.

வாங்குகிறவர்கள் தாளை நடுவில் குத்த வேண்டாம். விளிம்பின் உள்பக்கமாகச் சின்னக் கத்தியை ஓட்டிச் சுற்றி அறுத்து, கடைசியில் கொஞ்சம் விட்டு, அப்புறம் மேலே தூக்கினால் துணுக்கு விழாது. எங்கள் வீட்டுக்கு நான்காவது பாட்டிலும் வாங்குவேன். அம்மாவுக்கு, காது வைத்த தாள் வரும்வரை, நான் திறந்து வேறு டப்பாவில் போட்டுத்தான் அனுப்பப்போகிறேன்.