வெள்ளவத்தைப் புழுக்கத்தில் மைனஸ் 40 பாகை

கம்ப்யூட்டரின் மூளையான சிபியூவைக் குளிராக்க, பாவித்த சாமானாக வாங்கிய சிங்கிள் ஸ்டேஜ் பேஸ் சேஞ்ச் கூலர் ஒன்று மூன்று மாதமாக என் மேசையில் உறுமிக்கொண்டிருக்கிறது. பிரிட்ஜ் வேலை செய்கிற அதே விதம்தான்: கம்ப்ரெஸர் அமுக்கிய வாயு கண்டென்சரில் திரவமாகி, கேபிலரி குழாய் வழியாக வந்து, சிபியூ மேலே உட்கார்ந்திருக்கும் செம்புத் தலைக்குள் கொதிக்கும்போது சூட்டை இழுத்துக்கொண்டு போகும். இதற்குள் ஓடும் ஆர்404ஏ வாயு ஏறத்தாழ மைனஸ் 46 பாகையிலேயே கொதிப்பதால், காற்று விசிறியில் 4.5 கிகாஹெர்ட்ஸில் மூச்சு வாங்கிய என்னுடைய பழைய இன்டெல் 3770கே சிபியூ, இதில் 5ஐத் தாண்டி ஓடுகிறது. திரவ நைட்ரஜன் மைனஸ் 196 வரை போகும், சரி, ஆனால் அதை ஊற்றிக்கொண்டே நிற்க வேண்டும். இதற்கு சுவிட்ச் போட்டால் போதும்.

கரைச்சல் எல்லாம் ஈரப்பதம்தான். கடலுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிற வீடு, கேட்கவா வேண்டும். விற்றவர் "எல்லாம் சுற்றியிருக்கு தம்பி" என்றார், திறந்து பார்த்தால் குளிரைத் தடுத்து வைக்கும் நியோப்ரீன் ரப்பர் பாதிதான் இருந்தது, இரண்டாம் நாளே மதர்போர்டில் பனி படிந்து தண்ணீர் வழிந்தது. நல்ல காலம், உடனே நிறுத்தினேன். சிபியூ பொருந்தும் சாக்கெட்டுக்குள் வாஸ்லின் அப்பி, சுற்றிவர நியோப்ரீன் ஒட்டி, பின்பக்கத்தையும் மூடிய பிறகுதான் நிம்மதி.

சத்தம் அதிகம், அறையும் சூடாகும், லைட் பில்லைப் பார்த்து அம்மா ஏசுகிறார். கேம் விளையாட மட்டும் என்றால் வாங்காதீர்கள். பெஞ்ச்மார்க், அதாவது வேகத்தை அளந்து பார்க்கும் சோதனைப் பைத்தியம் என்றால் வாங்கலாம், வாயு நிரப்பத் தெரிந்த ஏசி பாஸ் ஒருவரை முதலில் பிடித்து வைத்துவிட்டு.