கூறையின் சிவப்பும் மெட்டல் ஹேலைட் விளக்கும்

வெள்ளவத்தையில் காலி வீதியோரம் எங்கள் புடவைக் கடை. 2012 இல் கடையைத் திருத்தியபோது ரியூப் லைட்டுகளைக் கழற்றிவிட்டு, இரண்டு முனையிலும் பூட்டும் 70 வாட் மெட்டல் ஹேலைட் விளக்குகள் பன்னிரண்டு போட்டோம். உள்ளே ஒளிரும் குழாய் குவார்ட்ஸ் கண்ணாடியால் ஆன வகை, வெளிச்சத்தின் நிறம் 4200 கெல்வின், அதாவது நடுத்தர வெள்ளை. பட்டுக்கு அந்த வெளிச்சம் கொடுத்த உயிர் இன்றும் கண்ணில் நிற்கிறது. வெளிச்சம் ஒரு சின்னக் குழாயிலிருந்து கூர்மையாக வருவதால் ஜரிகை மினுங்கும். ரியூப் லைட்டின் கீழ் அதே ஜரிகை சோர்ந்து கிடக்கும்.

காலையில் சுவிட்சைப் போட்டதும் வருவது நீலம் பாய்ந்த மங்கல் வெளிச்சம். அது குழாய்க்குள் இருக்கும் பாதரசத்தினுடையது. குழாய் சூடாகச் சூடாக உள்ளே உள்ள உலோக உப்புகள் ஆவியாகித் தங்கள் நிறத்தைச் சேர்க்கும். சோடியம் மஞ்சள், தாலியம் பச்சை, இண்டியம் நீலம். மூன்று நான்கு நிமிடத்தில் எல்லாம் கலந்து வெள்ளையாகிவிடும். எனக்கு அதைப் பார்த்துக்கொண்டு நிற்பதே ஒரு ஆசை.

ஆனால் அந்தக் கலவை அப்படியே நிற்பதில்லை. நாளுக்குப் பத்து மணி நேரம் என்றால் வருடத்துக்கு 3000 மணி நேரத்துக்கு மேல். இரண்டாவது வருடத்தில் ஒரே பெட்டியில் வந்த விளக்குகளில் ஒன்று பச்சையாகவும் இன்னொன்று இளஞ்சிவப்பாகவும் தெரிந்தன. சூட்டில் சோடியம் குவார்ட்ஸ் சுவரினூடாக மெல்ல மெல்ல வெளியேறுவது இதற்கு ஒரு காரணம். எரியாமல் போனதை மட்டும் மாற்றி வந்தது எங்கள் பிழை. புதியதும் பழையதும் பக்கத்தில் பக்கத்தில் எரிய, ஒரே சாறி மேசைக்கு மேசை வேறு நிறமாகத் தெரிந்தது.

அப்புறம்தான் அந்தக் கூறை, கலியாணப் புடவை, திரும்பி வந்தது. மகளின் கலியாணத்துக்கு எடுத்துப்போன அம்மா மறுநாளே வந்து, "தம்பி, இங்க அரக்காத் தெரிஞ்சது, வீட்ட கொண்டுபோய்ப் பார்த்தா தக்காளிச் சிவப்பு" என்றார். அவர் சொன்னது முழுக்க உண்மை. எங்கள் விளக்குகளில் ஆழ்ந்த சிவப்புக் குறைவு. பச்சையும் நீலமும் எடுப்பாக இருக்கும், சிவப்பு மட்டும் கறுத்துப்போகும். வேறு கூறை கொடுத்து அனுப்பினோம்.

2015 இல் பன்னிரண்டையும் ஒரேயடியாகச் செராமிக் வகைக்கு மாற்றினோம். பிலிப்ஸ் 1994 இல் சந்தைக்குக் கொண்டுவந்த வகை இது. பழைய பிட்டிங்கிலேயே பூட்ட முடிந்தது. விளக்கில் உள்ள 942 என்ற எண்ணைப் பார்த்து வாங்குங்கள். முதல் 9, நிறம் காட்டும் திறன் 90க்கு மேல் என்பதைச் சொல்லும். 42 என்பது 4200 கெல்வின். செராமிக் குழாய் கூடிய சூட்டைத் தாங்கும், நிறமும் அவ்வளவு சீக்கிரம் விலகாது. சிவப்பு சிவப்பாகத் தெரிந்தது.

ஒரு எச்சரிக்கை. பிட்டிங்கின் முன்கண்ணாடி உடைந்தால் அந்த விளக்கைப் போடவே வேண்டாம். வெடித்தால் துண்டுகளைத் தடுக்க வேறு எதுவும் இல்லை. குவார்ட்ஸ் புற ஊதாக் கதிரையும் வெளியே விடும். நாங்கள் அசட்டையாக விட்ட ஒரு மூலையில் மடிப்பு ஓரங்கள் வெளிறி, நல்ல பட்டுகள் வீணாயின.

எங்களைத் தோற்கடித்தது மின்வெட்டு. கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கினாலும், சூடான விளக்கு ஆறும்வரை மறுபடி பற்றாது. கிட்டத்தட்ட பத்து நிமிடம் கடை இருட்டில். 2022 மார்ச் கடைசியில் மின்வெட்டு நாளுக்கு 13 மணி நேரம் வரை போனபோது பத்து விளக்குகளைக் கழற்றி எல்இடி போட்டோம். எல்இடி வாங்குகிறவர்கள் ஆர்9 அளவைக் கேளுங்கள். 90 என்று போடும் நிறம் காட்டும் திறனின் பொது அளவு எட்டு வெளிர் நிறங்களை வைத்துக் கணக்கிடுவது, ஆழ்ந்த சிவப்பு அதில் சேராது. அதைச் சொல்வது ஆர்9 தான்.

கூறை விரிக்கும் மேசைக்கு மேல் மட்டும் இரண்டு செராமிக் விளக்குகள் இன்னும் எரிகின்றன. இரண்டையும் ஒன்றாகவே மாற்றுகிறோம், மாற்றிய திகதியைப் பிட்டிங்கில் மார்க்கரால் எழுதி வைத்திருக்கிறேன்.