எடை கூட்டும் பானம் வாங்குவதற்கு முன் டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள்

உடல் எடையைக் கூட்டுவதற்காக அதிகக் கலோரி பானங்களைத் தேடுவோர் இதைப் படித்துவிட்டுப் பிறகு கடைக்குப் போக வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன். நான் இரண்டு முறை ஏமாந்தேன். முதல் முறை பணமும் ஐந்து வாரங்களும் போயின. இரண்டாம் முறை உடல்நலமே கெட்டது. இரண்டு முறையும் விற்றவர் ஒருவரே.

என் உடல் நிறை குறியீடு (BMI, உயரத்துக்கு எடை போதுமா என்று காட்டும் எண்) அப்போது 17.6. அது 18.5-க்குக் கீழே இருந்தால் எடைக் குறைவு என்று கொள்வார்கள். தைராய்டிலும் இரத்தச் சர்க்கரையிலும் கோளாறு இல்லை என்று பரிசோதனையில் தெரிந்த பிறகுதான் எடை கூட்டும் முயற்சியில் இறங்கினேன். காரணம் தெரியாமல் எடை குறைந்துகொண்டே வருபவர்கள் பானத்தைத் தேடாமல் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். தைராய்டு மிகையாகச் சுரப்பது, நீரிழிவு, காசநோய் ஆகியவை மெலிவாகவும் வெளிப்படக்கூடும்.

துணை உணவுப் பொருள்கள் விற்கும் ஒரு கடையில், தம்மை ஊட்டச்சத்து ஆலோசகர் என்று அறிமுகப்படுத்திக்கொண்டவர், 3 கிலோ டப்பா ஒன்றை எடுத்து வைத்தார். அதன் முன்பக்கத்தில் 1,500 கலோரி என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தது. காலையில் ஒரு ஸ்கூப் பவுடரைத் தண்ணீரில் கலக்கிக் குடித்தால் போதும், டப்பா ஒரு மாதத்துக்கு மேல் வரும், மாதம் 3 கிலோ கூடும் என்று உறுதியாகச் சொன்னார். நம்பினேன். ஐந்து வாரம் ஒரு நாளும் விடாமல் குடித்தேன். கூடிய எடை 400 கிராம். இரண்டு குவளைத் தண்ணீர் குடித்தாலே தராசு அவ்வளவு ஏறிவிடும்.

அன்று இரவுதான் முதல்முறையாக டப்பாவைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படித்தேன். முன்பக்கத்தில் இருந்த 1,500 கலோரி, 300 கிராம் பவுடரை 600 மி.லி. கொழுப்பு நீக்காத பாலில் கலந்தால் கிடைக்கும் கணக்கு என்று பொடி எழுத்தில் இருந்தது. சமையலறைத் தராசில் ஒரு காலிக் கிண்ணத்தை வைத்து, எண்ணைச் சுழியத்துக்குக் கொண்டுவந்து, டப்பாவுக்குள் கிடந்த ஸ்கூப்பால் தலைதட்டி ஒரு முறை எடுத்துக் கொட்டினேன். தராசு 75 கிராம் காட்டியது. பவுடரில் 100 கிராமுக்கு 380 கலோரி. ஆகவே நான் தினமும் குடித்தது சுமார் 285 கலோரி. முன்பக்கத்து எண்ணை எட்ட நான்கு ஸ்கூப்பும் அரை லிட்டருக்கு மேல் பாலும் வேண்டும்; அப்படிக் குடித்தால் டப்பா பத்தே நாளில் காலியாகிவிடும். அந்தப் பாலின் கலோரி கூட, சுமார் 370, அவர்கள் எண்ணுக்குள் சேர்ந்திருந்தது.

இந்த ஏமாற்று எப்படி நடக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் எந்த டப்பாவையும் நீங்களே எடைபோட்டுவிடலாம். ஒரு கிராம் மாவுச்சத்தில் (கார்போஹைட்ரேட்) 4 கலோரி, ஒரு கிராம் புரதத்தில் 4 கலோரி, ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி இருக்கின்றன. எனவே கொழுப்பு அதிகம் இல்லாத எந்தப் பவுடரும், அதற்கு எவ்வளவு விலை வைத்தாலும், 100 கிராமுக்கு 400 கலோரியை ஒட்டித்தான் நிற்கும். முன்பக்கத்தில் 1,000 என்றும் 1,500 என்றும் எண்ணைப் பெரிதாக்க வேண்டுமானால், ஒரு வேளை அளவு என்பதைப் பெரிதாக்குவதையும் பாலின் கலோரியைச் சேர்ப்பதையும் தவிர வேறு வழியே கிடையாது. அதனால் ஒரு வேளைக்கு எத்தனை கலோரி என்று பார்க்காதீர்கள். 100 கிராமுக்கு எத்தனை, அதில் புரதம் எத்தனை என்று பாருங்கள். என் டப்பாவில் 100 கிராமுக்குப் புரதம் 15 கிராம்தான். கொழுப்பு நீக்காத சாதாரணப் பால் பவுடரில் 100 கிராமுக்குச் சுமார் 500 கலோரியும் 26 கிராம் புரதமும் உண்டு என்பதை அறிந்தபோது எனக்கு உண்மையிலேயே வயிறு எரிந்தது.

சேர்மானப் பட்டியலில் முதல் பெயர் மால்டோடெக்ஸ்ட்ரின். சேர்மானங்களை எடையில் மிகுந்ததில் தொடங்கி இறங்கு வரிசையில் எழுதுவதுதான் முறை. ஆகவே நான் வாங்கியதில் பெரும்பகுதி ஸ்டார்ச்சைச் சிறு துண்டுகளாக உடைத்துச் செய்த அந்த மாவுதான். அதைச் சர்க்கரை என்ற வரியில் சேர்க்காமல் மாவுச்சத்து என்ற வரியில் மட்டும் காட்டுவதால் சர்க்கரை குறைவான பானம் போலத் தெரியும். உடலிலோ அது குளுக்கோஸைப் போலவே வேகமாக இரத்தச் சர்க்கரையை ஏற்றும். கணக்குத் தெரிந்த பிறகு, எழுதியிருக்கும் அளவையாவது குடித்துப் பார்ப்போம் என்று மிச்சமிருந்ததில் நான்கு ஸ்கூப் பாலில் கரைத்து ஒரு நாள் குடித்தேன். வயிறு உப்பி, பேதியாகி, மதியச் சாப்பாட்டையே ஒதுக்க வேண்டியதாயிற்று. உள்ளே போன கலோரியில் ஒரு பங்கு தவறிய உணவோடு கழிந்துபோனது.

அதே ஆலோசகரிடம் முறையிடப் போனேன். பிரித்த டப்பாவைத் திரும்பப் பெற மாட்டோம் என்று சொல்லிவிட்டு, எனக்குப் பசி மந்தம் என்பதுதான் குறை என்று காரணம் கூறி, பானத்தில் கலந்து இரவில் குடிக்கும்படி சிறு சிறு பொட்டலங்களைக் கொடுத்தார். அவற்றின் மேல் பெயரோ சேர்மானமோ எதுவும் இல்லை. எல்லாம் இயற்கைப் பொருள் என்றார். அங்கேயே நான் எழுந்து வந்திருக்க வேண்டும்.

முதல் வாரமே பசி அள்ளியது. பகலெல்லாம் தூக்கம் சொக்கியது. மூன்று வாரத்தில் 4 கிலோ கூடியது, பார்த்தவர்கள் பாராட்டினார்கள். ஆனால் கூடியதெல்லாம் முகத்தில்தான் தெரிந்தது. கன்னங்கள் உருண்டு கண்கள் சிறுத்துப்போயின, காலுறையின் விளிம்பு கணுக்காலில் பள்ளமாகப் பதிந்தது, கைகால்கள் பழையபடியே மெலிந்திருந்தன. மருத்துவர் முகத்தைப் பார்த்ததுமே என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். வெறும் வயிற்றுச் சர்க்கரை முன்னைவிடக் கூடியிருந்தது. அட்ரினல் சுரப்பி சுரக்கும் கார்டிசால் என்ற ஹார்மோன் காலை நேரத்தில் மிகவும் குறைந்திருந்தது. கார்டிசாலைப் போலவே வேலை செய்யும் ஸ்டீராய்டு மருந்து வெளியிலிருந்து போய்க்கொண்டிருந்ததால் அட்ரினல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொண்டது என்று விளக்கினார். பசியைத் தூண்டுவதாக விற்கப்படும் பொருள்களில் சைப்ரோஹெப்டடின் என்ற ஒவ்வாமை மருந்தும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் கலந்திருப்பது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. முன்னது தூக்கத்தையும் பசியையும் தரும். பின்னது முகத்தில் கொழுப்பைச் சேர்த்து உருட்டும், உடலில் நீரையும் தேக்கக்கூடும். எனக்கு இரண்டின் அறிகுறிகளும் இருந்தன.

உடலில் ஒரு கிலோ கொழுப்பு சேரச் சுமார் 7,700 கலோரி மிகையாக வேண்டும். தேவைக்கு மேல் தினமும் 300 முதல் 500 கலோரி கொடுத்தால் வாரத்துக்குக் கால் கிலோவிலிருந்து அரைக் கிலோ வரை ஏறுவதுதான் இயல்பு. மூன்று வாரத்தில் 4 கிலோ என்பது அந்தக் கணக்கில் எங்கும் பொருந்தாது. இந்தக் கூட்டலை நான் முன்பே போட்டிருந்தால் மகிழ்ந்திருக்க மாட்டேன்.

இப்போது நான் குடிக்கும் பானத்தை உணவியல் நிபுணர் ஒருவர் வகுத்துக் கொடுத்தார். கொழுப்பு நீக்காத பால் 300 மி.லி., ஒரு வாழைப்பழம், இரண்டு மேசைக்கரண்டி நிலக்கடலை வெண்ணெய், 40 கிராம் ஓட்ஸ் ஆகியவற்றை மிக்ஸியில் அடித்தால் ஏறக்குறைய 630 கலோரியும் 20 கிராமுக்குக் குறையாத புரதமும் கிடைக்கின்றன. உணவுக்கு முன் குடித்தால் பசி அடைத்துவிடும் என்பதால், உணவுக்குப் பின்னரோ இரு உணவுகளுக்கு நடுவிலோ, முதலில் பாதி அளவாகத் தொடங்கிக் குடிக்கச் சொன்னார். பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் லாக்டோஸ் (பாலில் உள்ள சர்க்கரை) நீக்கிய பாலையோ சோயா பாலையோ சேர்க்கலாம். கூடவே வாரத்தில் மூன்று நாள் எடைப் பயிற்சி செய்கிறேன். நான்கு மாதத்தில் 3 கிலோ கூடியிருக்கிறது. இந்த முறை அது தோளிலும் தொடையிலும் தெரிகிறது.

பெயரில்லாத பொட்டலம் ஒன்றை நீங்களும் ஏற்கெனவே சில வாரங்களாகக் குடித்துவருகிறீர்கள் என்றால், பயந்துபோய் இன்றே தூக்கி எறிந்துவிட வேண்டாம். ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்தினால் இரத்த அழுத்தம் விழுந்து மயக்கமும் வாந்தியும் வரக்கூடும். உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். மிச்சமிருக்கும் பொட்டலத்தையும் கையில் எடுத்துக்கொண்டு இன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். எனக்கும் மருத்துவர் மேற்பார்வையில் மாற்று மருந்து கொடுத்துப் படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்தினார்கள்.