பாரிஸ் கார் து நோர் நிலையத்தில் ஒருவர் வந்து 'வீக்லி பாஸ்' தருகிறேன் என்றால் வாங்காதீர்கள்

லண்டனிலிருந்து ரயிலில் பாரிஸ் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வயதான அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களும், ஆகஸ்ட் கடைசியில் பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் நடக்கும் பிள்ளையார் தேருக்குப் போக நினைத்திருப்பவர்களும் கட்டாயம் படியுங்கள். ரயில் போய் நிற்கும் கார் து நோர் நிலையத்தில், மெட்ரோ டிக்கெட் மெஷினுக்குப் பக்கத்திலேயே, எங்களிடம் 105 யூரோவை ஏமாற்றி வாங்கிவிட்டார்கள். அதோடு முடியவில்லை. அந்த டிக்கெட்டில் பயணம் செய்ததற்காக அபராதமும் எங்கள் தலையில் விழுந்தது.

லண்டனில் அக்கா வீட்டில் தங்கியிருந்துவிட்டு நான், மனைவி, அம்மா மூவரும் ஒரு வெள்ளிக்கிழமை பாரிஸ் போனோம். லண்டனில் டிக்கெட் என்ற பேச்சே கிடையாது. வங்கி கார்டை கேட்டில் தட்டினால் போதும், ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல் எடுக்காது என்ற உச்சவரம்பும் தானாகவே வந்துவிடும். பாரிஸ் மெட்ரோவில் அது நடக்காது. வங்கி கார்டை கேட்டில் தட்டினால் திறக்காது. டிக்கெட்டை நவிகோ என்ற பயண கார்டிலோ போனிலோ ஏற்றித்தான் உள்ளே போக வேண்டும். அதனால் ரயிலிலிருந்து இறங்கும் வெளியூர்க் கூட்டம் மொத்தமும் நேராக மெஷின் முன்னால் வந்து வரிசை கட்டுகிறது. கையில் பெட்டி, கண்ணில் களைப்பு, ஊர் புதிது. ஏமாற்றுகிறவர்கள் காத்திருப்பது அந்த வரிசைக்காகத்தான்.

எங்களிடம் வந்தவனுக்கு முப்பது வயதிருக்கும். சுத்தமான கருநீல ஜாக்கெட், கழுத்தில் பட்டை போட்ட அடையாள அட்டை, நல்ல ஆங்கிலம். நிலைய ஊழியர் இல்லை என்று சொல்ல எந்த அடையாளமும் இல்லை. முதலில் அம்மாவைப் பார்த்துத்தான் பேசினான். "இவ்வளவு நேரம் இவர்களை நிற்க வைக்காதீர்கள், நான் செய்து தருகிறேன்" என்றான். இந்த மெஷின் இந்திய கார்டை எடுக்காது, பழைய காகித டிக்கெட் எல்லாம் போய்விட்டது, ஜனவரியிலிருந்து எல்லாமே மாறிவிட்டது, இப்போது வெளியூர்க்காரர்களுக்கு வீக்லி பாஸ்தான் லாபம் என்று வரிசையாகச் சொன்னான்.

அவன் சொன்னதில் பாதி உண்மை. அதனால்தான் நம்பும்படி இருந்தது. 2025 ஜனவரி 1 முதல் பாரிஸ் வட்டாரக் கட்டணத்தை நிஜமாகவே மாற்றியிருக்கிறார்கள். மெட்ரோ, புறநகர் ரயில் எதுவானாலும் ஒரே விலை, 2025-இல் ஒரு டிக்கெட் 2.50 யூரோவாக இருந்தது, விமான நிலையங்களுக்கு மட்டும் தனி. பத்து டிக்கெட் கொண்ட காகிதக் கத்தையை விற்பதும் முன்பே நின்றுவிட்டது. இணையத்தில் கிடைக்கும் பழைய பயணக் குறிப்புகள் பலவற்றில் இன்னும் மண்டலத்துக்கு மண்டலம் விலை மாறும் பழைய கணக்குதான் இருக்கிறது. ஒருவர் நேரில் வந்து "அதெல்லாம் மாறிவிட்டது" என்றால், படித்துவிட்டுப் போனவர்களுக்கே குழப்பம் வரும்.

ஆளுக்கு 35 யூரோ கேட்டான். உண்மையான வாராந்திர பாஸ் 2025-இல் 31.60 யூரோ, கார்டு தனி. ஆக விலையும் சந்தேகப்படும்படி இல்லை. தன் கையிலிருந்த மூன்று பயண கார்டுகளை ஒவ்வொன்றாக மெஷினில் வைத்து, திரையில் விறுவிறுவென்று எதையோ அழுத்தி, தன் வங்கி கார்டிலேயே பணம் கட்டினான். நாங்கள் ரொக்கமாகக் கொடுத்தோம். அத்தோடு விடவில்லை. கேட் வரைக்கும் கூடவே வந்து, அம்மாவின் கார்டை அவனே வாங்கித் தட்டிக் காட்டினான். பச்சை விளக்கு எரிந்தது, கதவு திறந்தது. அதற்குமேல் யார் சந்தேகப்படுவார்கள்?

எங்கள் விடுதி பாஸ்தர் மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்தில். 4-ஆம் லைனில் போய், மோன்பர்னாஸில் 6-ஆம் லைனுக்கு மாற வேண்டும். மோன்பர்னாஸ் நிலையத்தில் லைன் மாறுவதற்கு நீண்ட நடைபாதை உண்டு. அங்கே டிக்கெட் பரிசோதகர்கள் ஒரு குழுவாக நின்று எல்லோரையும் நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கார்டுகளை நீட்டினோம். கையிலிருந்த கருவியில் வைத்துப் பார்த்துவிட்டு அந்த அம்மையார் எங்கள் முகத்தைப் பார்த்தார். மூன்று கார்டிலும் இருந்தது ஒற்றைப் பயணத்துக்கான அரை டிக்கெட். நான்கிலிருந்து ஒன்பது வயது வரையுள்ள குழந்தைகளுக்கான டிக்கெட். விலை அப்போது 1.25 யூரோ.

எழுபது வயது அம்மாவுக்குக் குழந்தை டிக்கெட். நூற்றுக்கணக்கான பேர் கடந்து போகிற இடத்தில், சுவரோரமாக ஒதுக்கி நிற்க வைத்து, பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்தார்கள். அம்மா வாழ்நாளில் டிக்கெட் எடுக்காமல் பஸ் ஏறியவர் இல்லை. "ஏம்ப்பா, போலீஸுக்கு எதுவும் போகுமா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருந்தார். பணம் போனதைவிட அந்தக் கேள்விதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நடந்ததைச் சொன்னோம். பரிசோதகர் கேட்டுக்கொண்டார், இதுபோல நடப்பது தெரியும் என்பதும் அவர் முகத்திலேயே தெரிந்தது. ஆனால் விதியில் அதற்கு இடமில்லை. யார் விற்றிருந்தாலும், கையில் செல்லாத டிக்கெட் வைத்திருப்பவர்தான் அபராதம் கட்ட வேண்டும். அங்கேயே கட்டினால் ஒரு தொகை, பிறகு கட்டினால் அதோடு செயலாக்கக் கட்டணமும் சேரும். ஒரு டிக்கெட் விலையைப் போல பத்து மடங்குக்கும் மேலான தொகையை, மூன்று பேருக்கும் சேர்த்து வங்கி கார்டில் கட்டினேன். அப்போதுதான் இன்னொரு பொய்யும் வெளிப்பட்டது: இந்திய கார்டு அவர்கள் கருவியிலும் வேலை செய்தது, அதன் பிறகு நான் போட்ட ஒவ்வொரு டிக்கெட் மெஷினிலும் வேலை செய்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று அரை டிக்கெட் 3.75 யூரோ. காலி கார்டு ஒன்று 2 யூரோ என்று வைத்தாலும் மொத்தம் 9.75. மீதி 95 யூரோவுக்கு மேல் சில நிமிடத்தில் அவன் பையில்.

மறுநாள் லாச்சப்பல் போனோம். கார் து நோரிலிருந்து நிலத்தடி வழியாகவே 2-ஆம் லைனின் லா ஷப்பல் நிலையத்துக்கு நடந்து போகலாம். வெளியே வந்தால் தமிழ்ப் பெயர்ப்பலகைகள். மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த கடையில் முதலாளி யாழ்ப்பாணத்துக்காரர். அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே விசாரித்தார்.

"தம்பி, எவ்வளவு குடுத்தனீங்கள்?" என்றார். சொன்னேன். "இது இண்டைக்கு நேற்றைக்கு நடக்கிற விசயம் இல்லை. மெஷினுக்குப் பக்கத்திலை நிண்டு உதவி செய்யிறன் எண்டு வாற ஆரிட்டையும் காசு குடுக்காதேங்கோ. அம்மா, நீங்கள் யோசிக்காமல் சாப்பிடுங்கோ."

அப்புறம் அவர்தான் பொறுமையாக எல்லாவற்றையும் விளக்கினார். அதைப் பிறகு நானும் சரிபார்த்துக்கொண்டேன். இதில் எந்த விஷயம் தெரிந்திருந்தாலும் அந்த ஆளை அங்கேயே கண்டுபிடித்திருக்கலாம் என்பதால் விவரமாக எழுதுகிறேன்.

பாரிஸில் வெளியூர்க்காரர்கள் வாங்கும் கார்டு இரண்டு வகை. நவிகோ ஈஸி என்பது 2 யூரோ, பெயரோ படமோ இல்லாதது. அதில் ஒற்றை டிக்கெட்டுகளும் ஒரு நாள் பாஸும் ஏற்றலாம், வாராந்திர பாஸை ஏற்றவே முடியாது. வாராந்திர பாஸுக்கு நவிகோ தெகுவெர்த் என்ற இன்னொரு கார்டு வேண்டும். அது 5 யூரோ, அதில் உங்கள் பெயரை எழுதிச் சிறிய புகைப்படம் ஒட்ட வேண்டும். ஆகவே படம் ஒட்டாத ஒரு கார்டைக் கையில் கொடுத்து "இதில் ஒரு வாரத்துக்கு இருக்கிறது" என்று யார் சொன்னாலும் அது பொய். வேறு எதையும் ஆராய வேண்டியதில்லை.

இரண்டாவது, அந்த வாராந்திர பாஸ் நீங்கள் வாங்கிய நாளிலிருந்து ஏழு நாள் என்று ஓடாது. திங்கள் முதல் ஞாயிறு வரைதான். நடப்பு வாரத்துக்கான பாஸை வியாழக்கிழமை வரைதான் விற்பார்கள். வெள்ளிக்கிழமை வாங்கினால் அது அடுத்த திங்களிலிருந்துதான் செல்லும். எங்களுக்கு வெள்ளிக்கிழமை விற்றவன் "அடுத்த வியாழன் வரை செல்லும்" என்றான். அப்படி ஒரு பாஸே கிடையாது. வாரக் கடைசியில் போகிறவர்கள் ஒற்றை டிக்கெட் எடுங்கள், அல்லது நிறையச் சுற்றும் நாளில் ஒரு நாள் பாஸ் எடுங்கள் (2025-இல் 12 யூரோ). அந்த ஒரு நாளும் அன்றைய நள்ளிரவோடு முடிந்துவிடும், 24 மணி நேரம் கிடையாது. விமான நிலையத்துக்கும் செல்லாது.

மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். கேட் திறந்தது என்பதற்காக டிக்கெட் சரியானது என்று நினைக்காதீர்கள். பெரியவர் தட்டினாலும் அரை டிக்கெட்டுக்குக் கதவு திறக்கும். கார்டுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க, அதே டிக்கெட் மெஷினில் கார்டை வைத்தால் திரையில் காட்டிவிடும். அந்த வட்டாரப் போக்குவரத்துக்கான அதிகாரபூர்வ ஆப், இல் து பிரான்ஸ் மொபிலிட்டே, போனில் இருந்தால் கார்டைப் போனின் பின்பக்கத்தில் வைத்தும் படிக்கலாம். அந்த ஆப் வழியாகப் போனிலேயே டிக்கெட் வாங்கிக்கொள்ளவும் முடியும். ஐபோனில் 2024 முதல் வாலட்டிலேயே ஏற்றலாம். லண்டனில் உட்கார்ந்துகொண்டே இதைச் செய்துவிட்டால் அந்த வரிசையில் நிற்கும் அவசியமே இல்லை. ஒரு போனில் ஒருவர்தான் பயணம் செய்யலாம் என்பதால் அம்மாவுக்கு மட்டும் தனியாக ஒரு ஈஸி கார்டு வாங்கிவிடுங்கள். ஒரே கார்டை இரண்டு பேர் மாற்றி மாற்றித் தட்டுவதும் அபராதத்தில்தான் முடியும்.

மெஷினில் ஆங்கிலம் இருக்கிறது. எல்லா மெஷினும் நோட்டு வாங்காது, ஆனால் விசா, மாஸ்டர்கார்டு எடுக்கும். குழப்பமாக இருந்தால் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஊழியரிடம் நீங்களாகப் போய்க் கேளுங்கள். தன் சொந்த வங்கி கார்டில் பணம் கட்டிவிட்டு உங்களிடம் ரொக்கம் வாங்குகிற ஊழியர் எந்த நிலையத்திலும் இல்லை. கழுத்தில் எந்த அட்டை தொங்கினாலும் சரி.

விமான நிலையத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அங்கேயும் இதே ஏமாற்று வேறு உருவத்தில் நடக்கிறது. சார்ல் து கோல் விமான நிலையத்துக்குப் போக ஆர்இஆர் பி என்ற புறநகர் ரயிலுக்குத் தனி டிக்கெட் வேண்டும், 2025-இல் அது 13 யூரோ. சாதாரண மெட்ரோ டிக்கெட்டில் ஏறினால் மாட்டிக்கொள்வீர்கள். டிக்கெட்டை வெளியே வரும்வரை பத்திரமாக வையுங்கள், ஆர்இஆர் நிலையங்களில் வெளியேறவும் அது வேண்டும். டாக்ஸி என்றால், உள்ளே வந்து "டாக்ஸி, டாக்ஸி" என்று கூப்பிடுகிறவர்களோடு போகவே போகாதீர்கள். கூரையில் விளக்குள்ள டாக்ஸிகள் அதற்கான வரிசையில் நிற்கும். சார்ல் து கோலுக்கும் நகரத்துக்கும் இடையே கட்டணம் அரசே நிர்ணயித்தது: 2025-இல் சேன் நதியின் வலது கரைக்கு 56 யூரோ, இடது கரைக்கு 65. பெட்டிக்கு இவ்வளவு, இரவுக்கு இவ்வளவு என்று அதற்குமேல் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

எங்கள் விஷயத்தில், அபராத ரசீதில் இருந்த முகவரிக்கு நடந்ததை எழுதி ஆட்சேபம் அனுப்பியிருக்கிறேன். அம்மாவின் வயது தெரியும்படி பாஸ்போர்ட் நகலும் வைத்திருக்கிறேன். போலீஸிலும் புகார் கொடுத்தோம். உங்களுக்கு இப்படி நேர்ந்தால் ரசீதையும் அந்த கார்டையும் தூக்கிப் போடாதீர்கள், எந்த நேரத்தில் எந்த டிக்கெட் ஏற்றப்பட்டது என்பது அதில்தான் இருக்கிறது. யாராவது கையைப் பிடித்து இழுத்தோ மிரட்டியோ விற்கப் பார்த்தால் ரயில், மெட்ரோ பாதுகாப்புக்கான 3117 என்ற எண்ணுக்கு அழைக்கலாம், குறுஞ்செய்தி என்றால் 31177. ஆட்சேபத்துக்குப் பதில் வந்ததும் இதிலேயே சேர்க்கிறேன்.