ரிவர்சைட்: முதல் அல்பமா, இரண்டாவதா?

சித்தியின் மகன் போன வாரம் கொழும்பு வெள்ளவத்தையிலுள்ள என் வீட்டுக்கு வந்திருந்தான். ட்ரீம் தியேட்டர் என்ற அமெரிக்க மெட்டல் குழுவைக் கரைத்துக் குடித்தவன். அடுத்து யாரைக் கேட்கலாம் என்று தேடிக்கொண்டிருந்தான். "அண்ணா, ரிவர்சைட் கேட்பதென்றால் முதல் அல்பத்தில் தொடங்கவா, இரண்டாவதிலா?" என்று கேட்டான். "இரண்டாவது" என்று யோசிக்காமலே சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டதும் ஒழுங்கான பதில் வாயில் வரவில்லை. "அது கனமானது" என்றேன். "கனம் என்றால் சத்தமா?" என்றான். நல்ல கேள்வி. அவன் போன பிறகு இரண்டு அல்பங்களையும் நான்கு நாட்கள் மாறி மாறிக் கேட்டேன். பதில் மாறவில்லை. காரணம்தான் இப்போது தெளிவாகச் சொல்ல வருகிறது.

தெரியாதவர்களுக்காகச் சில வரிகள். ரிவர்சைட் போலந்தின் வார்சோ நகரத்துக் குழு. நீண்ட பாடல்களும் மாறும் தாளங்களும் கொண்ட புரோகிரசிவ் ரொக் இவர்களுடைய இசை. 2001இல் தொடங்கியது. மரியுஸ் டூடா பாடுகிறார், பேஸ் கிற்றார் வாசிக்கிறார். இந்த அல்பங்களில் கிற்றார் வாசித்தவர் பியோத்தர் குருஜின்ஸ்கி. ட்ரம்ஸ் வாசிக்கும் பியோத்தர் கோஜியராட்ஸ்கி முன்பு டெத் மெட்டல் என்ற உறுமல் குரலும் கடுமையான அடியும் கொண்ட இசையின் குழுக்களில் இருந்தவர். முதல் அல்பமான 'அவுட் ஒப் மைசெல்ஃப்' 2003இல் போலந்திலும் மறு ஆண்டு வெளிநாடுகளிலும் வந்தது. 'செகண்ட் லைஃப் சிண்ட்ரோம்' 2005இல் வந்தது. இவற்றோடு 2007இல் வந்த 'ரெப்பிட் ஐ மூவ்மென்ட்' சேர்ந்தால் ஒரு முத்தொகுதி. தனக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கும் ஒரு மனிதனின் கதையாக மூன்றும் தொடர்கின்றன. இரண்டாவது அல்பத்தில் அவன் பழைய உறவை அறுத்துக்கொண்டு இன்னொரு வாழ்க்கையைத் தொடங்கப் பார்க்கிறான். தலைப்பின் பொருளும் அதுதான்.

முதல் அல்பம் 53 நிமிடம். இரண்டாவது 63 நிமிடம். இரண்டிலும் ஒன்பது ஒன்பது பாடல்கள்.

முதலில் நெடும்பாடல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன், ஏனென்றால் இந்தக் குழுவின் உயிர் அங்கேதான் இருக்கிறது. 'அவுட் ஒப் மைசெல்ஃப்' தொடங்குவதே 12 நிமிடப் பாடலான 'தி சேம் ரிவர்' உடன். அதற்கு அவசரமே இல்லை. கிற்றார் ஒரு சுரத்தைப் பிடித்து, அதை விட்டு, திரும்ப வந்து பிடிக்கிறது. டூடா வாய் திறப்பதற்குள் நெடுநேரம் போய்விடும். குருஜின்ஸ்கியின் கிற்றாருக்கு இங்கே நிறைய வெளி இருக்கிறது. பிங்க் ஃபுளோய்டைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தப் பாட்டில் சொந்த வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருக்கும்.

இரண்டாவது அல்பத்தின் தலைப்புப் பாடல் 15 நிமிடம் 40 விநாடி, மூன்று பாகம். இதை நான் கரையோர ரயிலில் கேட்பது வழக்கம். கோட்டையில் ரயில் அசையும்போது தொடங்கினால் வெள்ளவத்தையில் இறங்குவதற்குள் முடிந்துவிடும். கொள்ளுப்பிட்டியை நெருங்கும்போது வலப்பக்கம் கடல் திறக்கும். மாலை ரயிலில் இருக்கை கிடைக்காது, கதவோரம் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். தண்டவாளச் சத்தமும் அலைச் சத்தமும் சேர்ந்து காதில் அடிக்கும். 'தி சேம் ரிவர்' இந்த இடத்தில் தோற்றுப்போகிறது. அதன் மெல்லிய தொடக்கத்தை ரயில் முழுதாக விழுங்கிவிடும். தலைப்புப் பாடல் விழுங்கப்படுவதில்லை. அதன் பேஸ் தண்டவாளத்துக்குக் கீழே இருந்து வருவதுபோல் வருகிறது. பம்பலப்பிட்டியில் ஆட்கள் இடித்துக்கொண்டு இறங்கும் நேரத்திலும் அந்த பேஸ் என் விலாவில் இருந்தது.

தம்பியின் கேள்விக்கு இங்கேதான் பதில் கிடைத்தது. கனம் கிற்றாரின் இரைச்சலிலிருந்து வரவில்லை. இரண்டாவது அல்பத்தில் பேஸ் முன்னுக்கு வந்து நிற்கிறது, ஓர்கன் அதற்குப் பின்னால் சுவர்போல் எழும்புகிறது. முதல் அல்பத்தில் கீபோர்ட் வாசித்தவர் யாசெக் மெல்னிட்ஸ்கி. இரண்டாவதில் மிகாவ் வபாய். இந்த ஓர் ஆள் மாற்றத்தைப் பலர் கவனிப்பதில்லை. எனக்கு அதுதான் இரண்டு அல்பங்களுக்கும் இடையிலுள்ள பெரிய வித்தியாசம். மெல்னிட்ஸ்கியின் கீபோர்ட் பின்னணியில் பனிபோல் படர்ந்து கிடக்கும். வபாயின் ஓர்கன் கிற்றாரோடு தோளுக்குத் தோள் நின்று வாதாடும். 'வோல்ட்-ஃபேஸ்' பாடலின் தொடக்கத்தைக் கேளுங்கள், ஒரே நிமிடத்தில் விளங்கிவிடும். அதற்கு முந்தைய பாடலான 'ஆஃப்டர்' கிசுகிசுப்பில் தொடங்கி மெல்ல மெல்ல ஏறி வந்திருக்கும். அந்தக் கிசுகிசுப்பைக் கேட்டபின் 'வோல்ட்-ஃபேஸ்' அடிக்கும்போது அடி இரண்டு மடங்காக விழுகிறது. அமைதியை எங்கே வைப்பது என்று இந்த அல்பத்துக்குத் தெரிந்திருக்கிறது.

உறுமல் குரலைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதற்குப் பயந்துதான் பலர் இரண்டாவது அல்பத்தைத் தள்ளி வைக்கிறார்கள். 'ஆர்ட்டிஃபிஷியல் ஸ்மைல்' பாடலில் டூடா தொண்டை கிழியக் கத்துகிறார், உண்மை. ஆனால் முதல் அல்பத்து 'லூஸ் ஹார்ட்' பாடலிலும் கத்துகிறார். அங்கே அது பாட்டின் கடைசியில் வெடித்து அடங்கிவிடும், அதனால் மறந்துவிடுகிறோம். 'ஆர்ட்டிஃபிஷியல் ஸ்மைல்' ஐந்தரை நிமிடமும் பல்லைக் கடித்துக்கொண்டே ஓடுகிறது. பொய்ச் சிரிப்பு என்ற தலைப்புக்கு வேறு எந்தக் குரலில் பாடுவது? என் அம்மா ஒருமுறை அறை வாசலில் நின்று, "இந்தப் பிள்ளைக்கு என்ன துன்பமோ" என்றார். பாடியவரைத்தான் சொன்னார். ஒரு சொல்லும் விளங்காமல் பாட்டின் பொருளைப் பிடித்துவிட்டார்.

சின்னப் பாடல்களில் போட்டி அவ்வளவு கடுமையானதில்லை. முதலாவதில் 'ஐ பிலீவ்', இரண்டாவதில் 'கன்சீவிங் யூ'. இரண்டும் நான்கு நிமிட அளவு, இரண்டும் மென்மை. 'கன்சீவிங் யூ' பாடலின் பியானோ மனதை விட்டுப் போகாது. அதற்கே என் ஓட்டு. 'ரியாலிட்டி ட்ரீம்' என்ற பெயரில் வரும் வாத்தியப் பாடல்கள் முதலாவதில் இரண்டு, இரண்டாவதில் ஒன்று. இதில் முதல் அல்பம் வெல்கிறது. முதலாவது 'ரியாலிட்டி ட்ரீம்' போல மூன்றாவது என்னை இழுப்பதில்லை. புரோகிரசிவ் ரொக்கின் கோணல் தாளங்கள் நமக்குப் பாதிக் கடினம்தான். கோயில் திருவிழாவில் தவிலடிக்குப் பக்கத்தில் நின்று வளர்ந்தவனுக்கு ஏழாக எண்ணுவதும் ஐந்தாக எண்ணுவதும் புதிதா? மேற்கத்திய இசை மட்டுமே கேட்ட என் அலுவலக நண்பர் அந்த இடங்களில் திணறுவார், தம்பி தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருப்பான்.

முதல் அல்பத்துக்கு நான் நியாயம் செய்ய வேண்டும், ஏனென்றால் அதற்கு நான் கடன்பட்டிருக்கிறேன். 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்தது. மின்விசிறி நின்ற அறையில், யன்னல் முழுதும் திறந்து, தரையில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு கைத்தொலைபேசியில் மிச்சமிருந்த சார்ஜில் இசை கேட்டேன். 'செகண்ட் லைஃப் சிண்ட்ரோம்' அப்போது கேட்க முடியவில்லை. அந்த நாட்களே போதிய அளவு கனமாக இருந்தன. 'அவுட் ஒப் மைசெல்ஃப்' மட்டும்தான் அந்த இருட்டில் உள்ளே வந்து உட்கார்ந்தது. 'தி கேர்ட்டன் ஃபோல்ஸ்' எட்டு நிமிடம். அதன் கிற்றார் நீளும்போது வெளியே காலி நகருக்குப் போகும் பெருவீதியில் ஒரு பஸ்கூட ஓடவில்லை. எரிபொருள் இல்லாத நகரம் எவ்வளவு அமைதியானது என்பதை அந்தப் பாட்டோடு சேர்த்துத்தான் நினைவில் வைத்திருக்கிறேன்.

குருஜின்ஸ்கி 2016 பெப்ரவரியில் காலமானார். அதன் பின்னர் முதல் அல்பத்தைக் கேட்கும்போது கிற்றார் வரும் இடங்களில் என் காது தானாகவே அவரைத் தேடிப் போகிறது. இரண்டாவதில் அவர் குழுவுக்குள் கலந்து நிற்கிறார். முதலாவதில் அவர் தனியே நின்று பேசுகிறார். அவருக்காக மட்டும் ஒருவர் முதல் அல்பத்தைத் தேர்ந்தெடுத்தால் நான் மறுத்துப் பேச மாட்டேன்.

ஆனாலும் தம்பிக்கு நான் சொன்ன பதில் சரி. முதல் அல்பத்தின் அழகு பல இடங்களில் கடன் வாங்கிய அழகு. வாங்கியதை நன்றாகவே உடுத்தியிருக்கிறார்கள், ஆனால் யாருடையது என்று தெரிகிறது. இரண்டாவதை வேறு எந்தக் குழுவும் செய்திருக்க முடியாது. டெத் மெட்டலில் பழகிய கைகள் மென்மையான பாட்டுக்கு ட்ரம்ஸ் வாசிக்கும்போது அடிகளுக்கு இடையில் ஒரு அடக்கம் தெரிகிறது. எப்போது வேண்டுமானாலும் உடைத்துவிடக்கூடியவர் உடைக்காமல் வைத்திருக்கிறார். பதினொன்றரை நிமிடம் ஓடும் 'டான்ஸ் வித் த ஷடோ' பாடலில் அந்த அடக்கம் ஒரு கட்டத்தில் விடுபடுகிறது. அதைக் கேட்காமல் ரிவர்சைட் தெரியும் என்று யாரும் சொல்லக்கூடாது. மெட்டலிலிருந்து வருபவனுக்கு இது வாசல் கதவு. உள்ளே வந்தபின் முதல் அல்பத்தின் நிதானம் அவனுக்குத் தானாகப் பிடிக்கும். மறுவழியில் போனவர்கள் 'ஆர்ட்டிஃபிஷியல் ஸ்மைல்' வந்ததும் ஹெட்போனைக் கழற்றி வைத்ததை நான் கண்டிருக்கிறேன்.

முடிவுப் பாடல்கள் இன்னும் இருக்கின்றன. இரண்டாவது அல்பம் 'ஆஃப்டர்' என்று தொடங்கி 'பிஃபோர்' என்று முடிகிறது. பின்னையது முன்னும் முன்னையது பின்னுமாக வைத்தது நல்ல யோசனை. கடைசிப் பாட்டு கேட்டதும் முதற்பாட்டுக்கே விரல் போகிறது. ஆனால் முதல் அல்பத்தின் கடைசிப் பாடலான 'ஓகே'யில் ஒரு ட்ரம்பெட் வருகிறது. இரண்டாவது அல்பத்தின் 63 நிமிடத்திலும் அதற்கு ஈடாக நான் எதையும் காணவில்லை. தம்பிக்கு இரண்டாவது அல்பத்தின் இறுவட்டைக் கொடுத்து அனுப்பினேன். 'ஓகே'யை மட்டும் தனியாக அவன் கைத்தொலைபேசியில் ஏற்றி, இரவு விளக்கணைத்த பிறகு கேள் என்று சொல்லியிருக்கிறேன்.